நாலு தடவை வந்த யானை

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாயங்கால பஸ். எனக்கு முன் சீட்டில் கம்பெனிச் சீருடையோடு இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த மூத்தவள் மடியில் ஒரு நோட்டு.

"இந்த மாசம் மட்டும் நாலு தடவை யானைய வரவெச்சுட்டேன் புள்ள," என்றாள் மூத்தவள்.

"எதுக்குக்கா?"

"கதை எழுதத்தான். ஷிப்ட் முடிஞ்சதும் பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் உக்காந்துக்குவேன். சானமாவு கிட்ட யானை நிக்குது, பஸ்ஸ நிறுத்திட்டாங்கன்னு வீட்டுக்காரருக்கு போன் போட்ருவேன்."

"கதை எழுதறேன்னே சொல்லலாமில்ல?"

"சொல்லிப் பாத்துட்டேன். ஒரு டீ போட்டுட்டு எழுதுன்னாரு. டீ குடிச்சதும் தோசை கேட்டாரு. யானைன்னா மட்டும், பத்திரமா மெதுவா வான்னு சொல்றாரு."

சானமாவு காட்டை ஒட்டி பஸ் நின்றது. வனத்துறைக்காரர் ஒருவர் கையை நீட்டி மறித்திருந்தார். அவருக்குப் பின்னால் ஐந்து யானைகள் அவசரமில்லாமல் ரோட்டைக் கடந்தன. எல்லோரும் எழுந்து ஜன்னல்களில் மொய்த்தார்கள். மூத்தவள் நோட்டைத் திறந்தாள். அவள் போன் அடித்தது.

"ஆமாங்க, பஸ்ஸு ரிப்பேருங்க. ஒரு மணி நேரம் ஆவும்," என்று வைத்துவிட்டாள்.

"எதிர்க்கவே யானை நிக்குது, ஏன்க்கா பொய் சொன்னீங்க?"

"நாலு தடவை நம்பிட்டாரு. இன்னிக்கும் யானைன்னா, நெசமான்னு அவரே பாக்கக் கெளம்பி வந்துருவாரு."

நோட்டிலிருந்து நிமிராமல் மறுபடி சொன்னாள்: "நீ நல்லாப் பாத்து வெச்சுக்க. கதைக்கு எப்பவாச்சும் யானை தேவைப்பட்டா, ஒன்னையக் கேட்டுக்கறேன்."