ஓடுற மிசின்ல மெமரி கழட்டுறது

அதத் தொட்டுறாதீங்க தலைவரே, கரண்டு ஓடுது. இப்பிடி ஸ்டூல்ல ஒக்காருங்க. இல்ல இல்ல, நீங்க வந்த விசயத்தப் பொறகு பேசுவோம். நீங்கதான கேட்டீங்க, லிந்துலையில வூட்ட விட்டுட்டு அட்டன் டவுன்ல இந்த கிளாஸ் ரூம்லயே படுத்துக் கெடக்குறியே, அப்பிடி என்னாத்தடா படிச்சுக் குடுக்குறேன்னு. சொல்றேன்.

இந்தா, சீப்பு மாதிரி இருக்குல்ல, இதான் மெமரி. கம்பியூட்டரு யோசிக்கிறதெல்லாம் இதுல வச்சுத்தான் யோசிக்கும். உள்ளுக்குள்ள கேர்னல்னு ஒரு புரோகிராம் இருக்கு, நம்ம தோட்டத்துக் கணக்கப்புள்ள மாதிரி. எந்த நெரையில எந்தப் பொம்பள தேயிலக் கொழுந்தெடுக்குறா, எந்த நெர சும்மா கெடக்கு, அவருக்குத் தெரியும்ல? அதேதான். நம்ம சின்ன மிசினு காலையில போட்டதும் மெமரி எவ்வளவுன்னு ஒருக்கா எண்ணிக்கும், அதோட சரி. பெரிய மிசினு, பேங்குல கீங்குல இருக்கே, அத அமத்தவே ஏலாது. ஓடிக்கிட்டிருக்கும்போதே மெமரியச் சொருகலாம், கழட்டலாம்.

சொருகுன ஒடனே வேலைக்கு எடுக்காது. இந்த எடம் வந்திருக்குன்னு மொதல்ல பதிஞ்சு வச்சுக்கும். இனிமே பாவிக்கலாம்னு சொன்னப்பறம்தான் தொடும். கழட்டுறதுக்கும் மொற இருக்கு. சடார்னு புடுங்குனா மிசினு செத்துரும். புடுங்கிப் பாத்த மடையன் யாருங்கிறீங்க? ஐயாதான். பெரிய மிசினுக்குன்னு புஸ்தகத்துல போட்டிருந்தத இந்தச் சின்ன தகர டப்பாவுல செஞ்சு பாத்தேன், ரூமெல்லாம் பொக.

மொற என்னான்னா, கழட்டப் போற பக்கம் கேர்னலு புதுசா ஒண்ணும் வைக்காது. இருக்குறத ஒண்ணொண்ணா வேற எடத்துக்கு மாத்தும். சுத்தமா காலியானப்பறம்தான் கழட்டு, போங்கும்.

இதப் புள்ளைகளுக்கு வெளக்கு வெளக்குன்னு வெளக்குறேன். ஆனா எம் பொஞ்சாதி ஷாமிலா வூட்டுல, வீட்டோட மாப்புள்ளையா ஒக்காந்திருந்த எனக்கே அது நடந்தப்ப வெளங்கல பாருங்க. மொதல்ல தண்ணி தூக்குறது மச்சான் மூக்கன் கைக்குப் போச்சு. அப்பறம் வெறகு. பொறகு மக பூரணிய நர்சரிக்குக் கூட்டிப் போறது மாமியாரு கைக்கு. புதுசா ஒரு வேலையும் எனக்கு வரல. நான் என்னா நெனச்சேன் தெரியுமா? மாப்புள்ளைக்கு மரியாத பண்றாங்கன்னு! கால் மேல கால் போட்டுக்கிட்டு லயத்துல பக்கத்துக் காம்பராக்காரன்கிட்ட பீத்திக்கிட்டேன் தலைவரே.

ஒரு நா ஷாமிலா, நீங்க டவுன்லயே இருந்துக்கங்கன்னு சொல்லிட்டா. அழவுமில்ல, கத்தவுமில்ல. அவதான் எல்லாத்தையும் மாத்தி முடிச்சிட்டாளே. அந்த அமைதிதான் என்னையக் கொன்னுருச்சு.

பொறுங்க, பொறுங்க. தேத்தண்ணி சொல்லவா? வேணாமா?

சரி, மறைக்காம சொல்லிர்றேன். தோட்டத் தலைவரு தேடி வந்தா எங்க ரெண்டு பேரையும் அத்துவிடுற பேச்சாத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நீங்க வாயத் தொறந்துருவீங்கன்னு பயந்துதான் இம்புட்டு நேரமா ஒளறிக்கிட்டு இருக்கேன். எனக்கு அவ வேணும் தலைவரே. எம் புள்ள வேணும். ஆங், இப்ப சொல்லுங்க.

என்னாது? கூட வந்திருக்காளா? என்னையக் கூட்டிக்கிட்டுப் போகவா? கீழ பேக்கரி வாசல்லயா, பூரணியையும் வச்சுக்கிட்டு இந்த மழையிலயா நிக்கிறா?

அட, வந்ததும் சொல்லப்படாதா தலைவரே... ஆமா, எங்க, நான் விட்டாத்தான.