பச்சைப் பெயின்ட் கதவு

நல்ல விறகைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டு துண்டுகளை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே ஈரம், புகையும். கனமான மரம் நின்று எரியும். பெயின்ட் அடித்த மரம் மட்டும் வீட்டுக்குள் ஆகவே ஆகாது. அந்தப் புகை நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அத்தானுக்கும் இது தெரியும், ஐயா. ரொட்டிக்கடை அடுப்போடு மல்லுக்கட்டியவர். கடைக்கு நல்ல கட்டையாகப் பொறுக்குவார். வீட்டுக்கு வருவதோ இடித்த கட்டடங்களின் கதவும் ஜன்னலும்.

"எரிஞ்சா எல்லாம் விறகுதான். உங்கக்கா என்ன மகாராணியா?" என்பார். சொல்லிக்கொண்டே காறி, அடுப்பின் இரும்பு மூடிமேல் துப்புவார். அது சுருண்டு பொரியும். அந்த வாடையிலேதான் நாங்கள் சாப்பிட்டோம்.

அக்காவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. படுத்த படுக்கையானாள். அவள் அறையில் குளிருக்கு மூட்டும் கணப்படுப்பில் எரிந்தது அவர் கொண்டுவந்த பச்சைப் பெயின்ட் கதவு. பாதிக் கதவு தீர்வதற்குள் போய்விட்டாள். எனக்குச் சந்தேகமே இல்லை. எதை எரிப்பது என்று தேர்ந்தெடுத்தவர்தானே கொன்றவர்?

அவருக்குச் சமைத்துப்போட நான் அங்கேயே தங்கினேன். அடுத்த குளிருக்கு அக்காவின் கட்டிலிலேயே படுத்துக்கொண்டார். "உங்கக்காவவிட நல்லாத்தான் பாத்துக்கிற, மச்சினி" என்றபடி பல்குத்திய குச்சியை என் தட்டின் ஓரத்தில் வைத்தார். குச்சியை எடுத்து எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிட்டேன்.

அவருக்கும் இருமல் தொடங்கியது. வீட்டு விறகை இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மிச்சக் கதவையும் அவர் கொண்டுவந்து போட்டிருந்த மற்ற பெயின்ட் ஜன்னல்களையும் பிளந்து வெயிலில் நன்றாகக் காயவைத்தேன். ஈரமிருந்தால் கண் எரியும், ஜன்னலைத் திறந்துவிடுவார்.

"என்னடி வாடை இது?"

"எரிஞ்சா எல்லாம் விறகுதானே, அத்தான்."

சிரித்தார். சிரிப்பு இருமலானது. காறித் துப்பிவிட்டு, இன்னொரு துண்டைத் தன் கையாலேயே உள்ளே தள்ளினார். குளிர்காலம் முடியும்வரை தள்ளிக்கொண்டிருந்தார்.

சாகட்டும் என்றுதான் அடுக்கிவைத்தேன். அதை மறைக்கவில்லை. ஆனால் கொலை என்கிறீர்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை. அடுப்பில் போட்ட கை அவருடையது.

அக்காவின் அறையில் போட்ட கை யாருடையது என்று கேட்டீர்கள். அவளால் எழ முடியாதே. வேண்டாம், வேண்டாம் என்று விரலை மட்டும் ஆட்டுவாள். குளிருமே என்று நான்தான் போட்டேன். ஒவ்வொரு துண்டையும் கணீரென்று கேட்கிறதா எனத் தட்டிப் பார்த்துத்தான் போட்டேன்.

ஆனால் ஐயா, அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை.