சுவரில் எழுதிய ஏழு

சைரன் அலறுகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. 1971 டிசம்பர். மாலை ஆறு மணி. ஊசி போடும் நேரம். டெல்லியில் அதற்குள் இருட்டிவிட்டது.

“பத்தி பந்த் கரோ! ஜல்தி!” தெருவில் ரோந்து வருபவன் கத்துகிறான். விளக்குகள் அணைகின்றன. ஆஸ்பத்திரி ஜன்னல் கண்ணாடியில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறோம். குண்டு விழுந்தால் காகிதம் எதையும் தடுக்காது. உள்சுவர்க் கட்டில்களை நடைகூடத்துக்கு இழுக்கிறோம். ஜன்னலோரக் கட்டில்களை அந்த இடத்துக்குத் தள்ளுகிறோம். சக்கரங்கள் கிறீச்சிடுகின்றன. எல்லையிலிருந்து ரயிலில் வந்த ஜவான்கள் வலியில் முனகுகிறார்கள். அத்தனை பேருக்கும் நர்சுகள் மூன்றே பேர். நான், புதிதாக வந்த கோட்டயத்துப் பெண் லீலா, எங்களுக்கு மேலே வார்டு சிஸ்டர்.

அந்த சிஸ்டரை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது அவள் சட்டம். எல்லோரும் நம்பர்தான். யாரிடமாவது இரண்டு வார்த்தை பேசினால், “இதென்ன கல்யாண வீடா?” என்று இந்தியில் சீறுவாள். அந்த நம்பரும் கட்டிலில் இல்லை. கட்டிலுக்கு மேலே சுவரில் பெயிண்டால் எழுதியிருந்தது. அமைதிக் காலத்தில் கட்டில்கள் நகர்வதில்லை. அதனால் யாரும் யோசிக்கவில்லை.

பன்னிரண்டாம் நம்பர் மாரிமுத்து. ஜன்னலோரக் கட்டில். அருப்புக்கோட்டைப் பக்கம். தொடையில் குண்டுச் சில்லு. நான் தமிழ் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யக்கா, எனக்குப் பெனிசிலின் ஆகாதுக்கா. ஒருக்கா போட்டு மேலெல்லாம் தடிச்சுப் போச்சு. மூச்சே நின்னுருச்சு. எல்லார்ட்டயும் சொல்லிருங்க.”

சொன்னேன். அவர் மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டி, பெயரையும் பெனிசிலின் கூடாது என்பதையும் எழுதினேன். மறுநாள் சிஸ்டர் அதைப் பிய்த்துக் குப்பையில் எறிந்தாள். “உன் ஊர்க்காரனுக்கு மட்டும் தனி உபசாரமா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். பெரிய டாக்டரிடம் போனேன். போர் நேரத்தில் இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்றார்.

இப்போது இருட்டு. நான் வார்டின் கோடியில் இருக்கிறேன். ஒருவருக்கு வயிற்றுத் தையல் பிரிந்து ரத்தம் பெருகுகிறது. இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருக்கிறேன். கையை எடுத்தால் அவர் போய்விடுவார். நீலக் காகிதம் சுற்றிய டார்ச் ஒன்று நகர்கிறது. லீலாவின் கையில் ஊசித் தட்டு. பின்னால் சிஸ்டர்.

“ஏழுக்குப் பெனிசிலின். ஜல்தி!”

ஏழு உள்சுவரில் இருக்கிறது. ஏழாம் நம்பர்க்காரர் நடைகூடத்தில் கிடக்கிறார். அந்த எண்ணுக்குக் கீழே இப்போது மாரிமுத்துவின் கட்டில். எனக்கு உறைக்கிறது.

“லீலா! போடாத! அது ஏழு இல்ல! பேரக் கேளு!”

சைரன் மறுபடி எழுந்தது. என் குரல் அதில் அமுங்கிவிட்டது. பேரைக் கேட்க வாயெடுத்தேன் என்று லீலா பிறகு சொன்னாள். சிஸ்டர் தோளில் இடித்து, “நிற்காதே” என்றாளாம். மாரிமுத்து வலி மருந்தின் மயக்கத்தில் இருந்தார். ஊசி ஏறியது.

முதலில் இருமல். பிறகு விசில் போல மூச்சு. பிறகு கட்டில் குலுங்கும் சத்தம். “டாக்டர்! டாக்டர்!” தொண்டை கிழியக் கத்துகிறேன். மாற்று மருந்து பூட்டிய அலமாரியில் இருக்கிறது. சிஸ்டர் இருட்டில் பூட்டைத் தடவுகிறாள். சாவி பூட்டில் உரசிக்கொண்டே இருக்கிறது. டாக்டர் ஓடி வந்தபோது கட்டில் குலுங்குவது நின்றிருந்தது.

ஆபத்து நீங்கியதென்று சைரன் ஒரே சீராக ஊதியது. விளக்குப் போட்டோம். எங்கள் பக்கம் ஒரு குண்டும் விழவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது லக்ஷ்மிபாய் நகரிலிருந்து பஸ் பிடித்து நர்சுகளுக்கான பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். நோயாளியை மனிதராகப் பாருங்கள் என்று போதிக்கிறார்கள். நாங்கள் பார்த்தோம். பேரைக் கேட்க வாயெடுத்த பெண்ணை இடித்துத் தள்ளியது யார் என்று எந்த வகுப்பிலும் பேசுவதில்லை.

அன்று போனதையும் மிஞ்சியதையும் சொல்லிவிடுகிறேன். நான் அழுத்திப் பிடித்தவர் பிழைத்தார். மாரிமுத்து போனார். வயது இருபத்தாறு. ஊரில் மனைவி, ஒரு கைக்குழந்தை. லீலா வேலையை விட்டாள். அதன் பிறகு அவள் ஊசியைத் தொடவேயில்லை. சிஸ்டருக்குப் பதவி உயர்வு வந்தது. அருப்புக்கோட்டைக்குப் போன தந்தியில் போர்க்காயத்தால் மரணம் என்றிருந்தது. அந்த உயிரை எதிரி கணக்கில் எழுதியிருக்கிறார்கள். அது எங்கள் கணக்கு.