கீழ்க்கடவுக்கு ஆறு மணி நேரம்

மழைமானி நீரை அளக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். இல்லாவிட்டால் சந்தோஷத்தில் கை ஆடிவிடும்.

எனக்கு அதிகம் பேச வராது, இன்ஸ்பெக்டர். எழுதியே தருகிறேன். ஒற்றசேகரமங்கலம் முதல் செங்கல் ஊர்ப் பக்கத்துக் கீழ்க்கடவு வரை எங்கெங்கே மழைமானி, எங்கே ஆற்று அளவுகோல் என்று திட்டம் வரைந்தவள் நான். மேலே பெய்த மழை கீழ்க்கடவில் வெள்ளமாக ஆறு மணி நேரம் ஆகும் என்பது என் கணக்கு. எஞ்சினீயர் சிரித்தார்.

நிரூபிக்க ஒரு முழு வெள்ளம் வேண்டும். ஆனால் நான் எச்சரித்தால் பள்ளியில் மணியடிப்பார்கள். கேட்டதும் ஆட்கள் கரையை வெட்டித் தண்ணீரை வயலில் விடுவார்கள். ஆற்று மட்டம் ஏறுவதை நான் வரையும் வளைகோடு இரண்டு முறை பாதியில் சரிந்தது. கீழ்க்கடவு ரத்னபாய், "நீ மணியடிக்கச் சொன்னதுனால பொழச்சோம் மக்கா," என்று மடி நிறையக் கப்பைக்கிழங்கு போட்டாள். வளைகோட்டைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஐப்பசியில், எல்லைப் போராட்டக் கடையடைப்பு. பஸ் இல்லை. மேல்மழைமானியில் காலை எட்டு மணிக்கு எடுத்த அளவுச் சீட்டை, அளவெடுக்கும் கிருஷ்ணன்குட்டி சைக்கிளில் கொண்டுவந்தார். ஒன்பது அங்குலம். சிரிப்பு வந்துவிட்டது. அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"சிரிச்சது போதும் சாறே, மணியடிக்கச் சொல்லும்," என்றார். பெண்ணானாலும் மேலதிகாரி அவருக்குச் 'சாறே'தான்.

"நான் பாத்துக்கிடுதேன். நீங்க கீழ்க்கடவில நின்னு பத்து நிமிஷத்துக்கு ஒருக்க அளவெழுதுங்கண்ணே."

"ஆறு என்னெயும் சேத்து அளந்துரும் ஆக்கும்," என்று சிரித்தபடி போனார். நல்ல மனிதர்.

மணியடிக்கச் சொல்லவில்லை. கடிகாரத்தோடு ஜன்னலருகே உட்கார்ந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் போலிருந்தது.

ரத்னபாய் வீட்டில் ஐந்து பேரும் மறுநாளே கிடைத்துவிட்டார்கள். மெழுகுத்துணியில் சுற்றிய கிருஷ்ணன்குட்டியின் நோட்டு மூன்றாம் நாள்தான் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. கடைசி அளவு, சரியாக இரண்டு மணிக்கு, பதினான்கு அடி. நான் கை தட்டிவிட்டேன். குறிப்புப் பத்தியில் நாலு இடத்தில் 'பள்ளி மணி கேக்கல்ல' என்று எழுதியிருந்தார். அது அளவு இல்லையே. பிரதி எடுக்கும்போது விட்டுவிட்டேன்.

சீட்டை வழியில் மறித்ததாகப் போராட்டக்காரர் பொன்னப்பனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். சீட்டு வரவில்லை என்று நானும் சொன்னேன். ஆனால் சீட்டு இல்லாவிட்டால் எட்டு மணிக்கு ஆதாரமில்லை, கணக்கை ஏற்க முடியாது என்கிறார் எஞ்சினீயர்.

அதனால் ஒப்புக்கொள்கிறேன். சீட்டு வந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்ததும் எஞ்சினீயருக்கு அனுப்பிவிடுங்கள், மடிக்காமல்.