ஒரே ஒரு எலுமிச்சம்பழம்

அன்றைக்குக் கடையில் எலுமிச்சம்பழம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. விசாரணை அதிகாரி ஐயா, இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதித் தரலாம் என்றீர்கள்; மொழிபெயர்க்கிறவர்தான் பாவம்.

என் பெயர் தில்லைநாயகி. மூன்றாம் மாடி. மகேந்திரன் எனக்கு நேர் மேலே. அடுத்தவர் விஷயத்தில் தலைபோடுகிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் அவனுக்குப் பாரிசிலிருந்து மாதம் இரண்டு கடிதம் வருவதும், வாசித்துவிட்டு அவன் அறைக்குள் நடப்பதும், கூரை மெல்லியதென்றால் கேட்கத்தானே செய்யும்?

அவனுக்கு மேட்டு ஸ்டேஷனில் வேலை. அங்கே ஒரு பழைய டீசல் சரக்கு வண்டி. ஆளேற்றாது. எஞ்சினும் அதற்குள்ளேயே, பொதியும் அதற்குள்ளேயே. முப்பதுகளில் பாலும் பாற்கட்டியும் ஏற்றக் கட்டியதாம். சப்பை மூக்கு, மேலே இரண்டு உருண்டை விளக்கு. கீழ்வீட்டு ராஜேஸ்வரி கண்ணாடி போட்டது போலவே இருக்கும். மகேந்திரன் அதைக் 'கிழவி' என்பான். ஒரு வருடமாகத் துரு சுரண்டி, சிவப்புப் பெயின்ற் அடித்து, மறுபடி ஓட வைக்கும் நிலைக்குக் கொண்டுவந்தான். முதலாளி வீஸ் அவனுக்கு வேலை நிரந்தரம் என்று ஒரு கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் வெளிநாட்டவர் பொலிசுக்குப் போனால் அவன் இந்த நாட்டில் இருக்கலாம். போகாவிட்டால் கொழும்புக்கு விமானம்.

ஓடப்போகிற வண்டிக்குத் தேங்காய் உடைத்து, சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்காமல் விடலாமா? யோசனை என்னுடையது. வீஸ் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

"அக்கா, கட்டை இரண்டிலையும் மட்டும் கை வைக்காதேங்கோ," என்றான் மகேந்திரன். "பிரேக் சரியில்லை. புதுச்சாமான் வாற கிழமைதான் வரும். கிழவி வெளிக்கிட்டாவெண்டால் ஆத்தங்கரை வரைக்கும் நிக்கமாட்டா."

தண்டவாளத்துக்கு ஒன்றாக, சில்லுக்கு முன்னால் இரண்டு மரக்கட்டைகள். ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும் என்றும் விளக்கினான். நல்ல தமிழில்தான் விளக்கினான்.

பூசை மணியோடு அவன் உள்ளே ஏறினான். பெரிய இழுவைக் கதவு திறந்திருந்தது. நானாக எட்டிப் பார்க்கவில்லை, கண் போய்விட்டது. பெட்டிக்குள் ஒரு கூறைச்சேலை. பக்கத்தில் கட்டுக்கட்டாக அட்டைகள்.

"இதென்ன தம்பி?"

"கலியாணக் காட், அக்கா. ஆவணியிலை மனோகரி பாரிசிலையிருந்து வாறா. இண்டைக்குச் சொல்லத்தான் இருந்தனான்."

"ஏன் இஞ்சை வச்சிருக்கிறாய்?"

"வீட்டிலை வச்சா நீங்கள் மோப்பம் பிடிச்சிடுவியளே!" என்று சிரித்தான்.

"வேறை ஆருக்குத் தெரியும்?"

"ராஜேஸ்வரி அக்காவுக்கு மட்டும். அவதானே சேலை எடுத்துத் தந்தவ. போன மாதமே."

போன மாதமே. ஒரு மாதமாக அவள் படிக்கட்டில் என்னைக் கண்டு மழையைப் பற்றிக் கதைத்திருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. ஊஞ்சலில் ஏறியது போல உடம்பு லேசானது. சிரிப்புக்கூட வந்தது.

குனிந்து இடப்பக்கக் கட்டையை எடுத்தேன். எலுமிச்சம்பழத்தை வைத்தேன். வண்டி அசையவில்லை.

பிறகு அசைந்தது.

அப்படியொரு அழகான ஓட்டம்! தேங்காய் தன்பாட்டில் பின்னால் உருண்டது. கலியாணக் காட்டுகள் கதவால் பறந்து பள்ளத்தாக்கெல்லாம் விழுந்தன. கீழ் ஸ்டேஷன்காரர் பழக்கதோஷத்தில் சல்யூட் அடித்தார். ஒரு பசு கொஞ்சத் தூரம் கூடவே ஓடிப் பார்த்தது. மகேந்திரன் யன்னலால் பாதி உடம்பை வெளியே போட்டு, பூசை மணியை அடித்த அடி, திரிம்பாக்கிலுள்ள எங்கள் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். நான் சிரித்துச் சிரித்துப் பின்னால் ஓடினேன். வழியில் முதலாவதாக ஒரு உறையைப் பொறுக்கினேன். அதில் 'தில்லைநாயகி அக்காவுக்கு' என்று எழுதியிருந்தது.

பள்ளிக்கூடம் பன்னிரண்டுக்கு விடும். பிள்ளைகள் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும்போது கீழே தண்டவாளக் கடவையைத்தான் கடப்பார்கள். வண்டி வெளிக்கிட்டபோது பன்னிரண்டு அடித்து மூன்று நிமிடம்; ஊரில் யார் எப்போது எங்கே போவார்கள் என்பது எனக்குத் தெரியும். மணிச்சத்தம் கேட்டுப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். கிழவி ஆற்றங்கரை மரத்தூள் குவியலில் மூக்கைக் குத்தி நின்றாள். ஒருவருக்கும் கீறலில்லை.

கட்டையை எடுத்தது தான்தான் என்று மகேந்திரன் வீஸிடம் சொன்னான். பழம் வைப்பது எங்கள் வழக்கம், அவசரத்தில் செய்த பிழை என்றானாம். வீஸ் கடிதத்தைக் கிழித்தார். மூன்று கிழமையாக நான்தான் அவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். "நீங்கள் அறியாமச் செய்தது, அக்கா. உங்கடை பேர் வெளியிலை வராது," என்கிறான். வெள்ளிக்கிழமை அவனை விமானம் ஏற்றுகிறார்களாம்.

அதற்கு முன் இதை வீஸிடம் காட்டுங்கள். ராஜேஸ்வரிக்குக் கூட இன்னும் தெரியாது, முதலில் உங்களுக்குத்தான். நான் ஒருவருக்கும் கெடுதல் நினைக்கிறவளில்லை. பழம் வைக்கத்தான் கட்டையை எடுத்தேன். ஆனால் வலப்பக்கக் கட்டையை எடுக்கும்போது என் கையில் பழமில்லை.