சுக்கான் வீட்டுத் துணிவு

ஒளிப்பதிவுக்கு முன் யாரும் வடை சாப்பிடக் கூடாது என்ற விதியை எங்கள் நிகழ்ச்சியில் கொண்டுவந்தவன் நான்தான். எண்ணெய் தொண்டையில் நின்றால் ‘ழ’ சரியாக வராது. இதற்காக என்னைப் பின்னால் ‘வாத்தியார்’ என்று நக்கலடிப்பவர்கள் உண்டு. அடிக்கட்டும். ‘நேர்ப்பேச்சு’ தொடங்கிய இந்தப் பதினொரு வருடத்தில் நான் ஒரு சொல்லையும் தவறிச் சொன்னது கிடையாது. இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், தொலைக்காட்சி நிலையத்தின் விசாரணைக் குழுவாகிய நீங்கள் அனுப்பிய படிவத்தில், நடந்ததற்குக் காரணம் ‘தொகுப்பாளர் வாய் தவறியது’ என்று நீங்களே நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறீர்கள். உங்கள் நல்ல மனது விளங்குகிறது. ஆனால் அது உண்மை இல்லை.

என் பெயர் இரத்தினசிங்கம். வயது அறுபத்திரண்டு. கிழமை நாட்களில் மெல்பேர்னின் ட்ருகனினாவில் ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளர். சனிக்கிழமை காலையில் உங்கள் ஸ்ரூடியோவில் நிகழ்ச்சியைப் பதிவு செய்வோம். வியாழன் மாலை ஒளிபரப்பாகும், அதன்பின் யூரியூப்பில் ஏறும். ஊரில் நடக்கும் அநியாயம் எதையும் நான் விட்டுவைத்ததில்லை. மந்திரிமாரையும் கிழித்திருக்கிறேன், அவர்களுக்கு மாலை போடுகிற எங்கள் சங்கத் தலைவர்மாரையும் கிழித்திருக்கிறேன். படத்தொகுப்பும் திரைக்கு அடியில் வரும் ஆங்கில எழுத்தோட்டமும் வினுஷாவின் வேலை. நாலு வயதில் மெல்பேர்னுக்கு வந்தவள், இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். நன்றாகத் தமிழ் பேசுவாள். ஆனால் அது வீட்டுக்குள்ளேயே வளர்ந்த தமிழ்.

நீங்கள் விசாரிக்கும் அந்த நிகழ்ச்சியின் விருந்தினர் யோசேப். கிரான்பர்னில் இருக்கிறார். வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பவர், இன்னும் நிரந்தர விசா கிடைக்கவில்லை. மன்னார்ப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம் அவருடைய ஊர். அங்கே காணிக் கந்தோரில் அவருடைய அக்கா மாக்கிறேட் பத்திரங்களைப் பதியும் இலிகிதராக வேலை செய்தார். மண் அள்ளும் ஒரு கம்பனிக்குக் கரையோரக் காணிகளை எழுதிக் கொடுத்த பத்திரங்களில், செத்துப்போனவர்களின் கையெழுத்து இருப்பதை அந்தப் பெண் கண்டுபிடித்தார். படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினார். யோசேப் அதை என்னிடம் கொண்டுவந்தார். அவர் கேட்டது இரண்டே விடயம். முகம் இருட்டில் இருக்க வேண்டும், குரலை மாற்ற வேண்டும். தம்பி யார் என்று தெரிந்தால் பத்திரம் யாரிடமிருந்து வந்தது என்று யோசிக்கவே தேவையில்லை.

நான் ஒத்துக்கொண்டேன். பதிவு நாள் காலை அவரைக் கிரான்பர்ன் ஸ்ரேசனில் என் காரில் ஏற்றியவனும் நான்தான். பயத்தில் இருப்பவர்கள் நிறையப் பேசுவார்கள். அவரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

“அண்ணை, வாய் தடுமாறி என்ர பேர் வந்தாலும் பரவாயில்லை. எங்கட ஊரில யோசேப் எண்டு கூப்பிட்டா முப்பது பேர் திரும்பிப் பாப்பினம். சுக்கான் வீடு எண்டு கேட்டாத்தான் எங்கட வாசலுக்கு வருவினம்.”

“அதென்ன சுக்கான் வீடு?”

“அப்பப்பா தோணியில சுக்கான் பிடிச்ச ஆள். அந்தப் பட்டம் எங்களோட ஒட்டிப் போச்சு. அக்காவைக்கூட சுக்கான் வீட்டு ரீச்சர் எண்டுதான் சொல்லுவினம். அவ படிப்பிக்கிறதே ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி மட்டும்தான்.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பதிவு நன்றாக நடந்தது. யோசேப் கெட்டிக்காரர். பத்திரங்களை ஒவ்வொன்றாகக் காட்டி நிதானமாக விளக்கினார். “இவற்றை உங்களுக்குத் தந்தவர் பிடிபட்டால் என்ன நடக்கும்?” என்று நான் கேட்டேன். “உயிரோட விடமாட்டினம்” என்றார். நேயர்கள் மனதில் பதிய வேண்டும் என்பதற்காக அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டேன். அதே பதிலைச் சொன்னார். ஆகவே விளைவு தெரியாமல் செய்தேன் என்று என்னைக் காப்பாற்ற யாரும் முயல வேண்டாம்.

என்னுடைய வேலை முறை ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். முடிவுரையை நான் விருந்தினருக்கு முன்னால் பேசுவதில்லை. அவர் போன பிறகு, கதிரையை ஓரமாக்கிவிட்டு, எழுந்து நின்று கமராவைப் பார்த்துத் தனியாகப் பேசுவேன். ஒன்றரை நிமிடம். அதை எழுதி, மனப்பாடம் செய்துதான் பேசுவேன். அன்று எழுதி வைத்திருந்ததில் கடைசி வரியை வெட்டிவிட்டு, “சுக்கான் வீட்டுத் துணிவு என்றால் சும்மாவா?” என்று எழுதினேன். இரண்டு தடவை பதிவு செய்தோம். முதல் தடவை ‘சுக்கான்’ அவ்வளவு தெளிவாக விழவில்லை.

செவ்வாய்க்கிழமை வினுஷா தொலைபேசியில் கூப்பிட்டாள். யோசேப் தன் பெயரை மூன்று இடத்தில் உளறியிருந்தாராம், மூன்றையும் கவனமாக எடுத்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு எழுத்தோட்டத்துக்காக ஒரு சந்தேகம் கேட்டாள்.

“அங்கிள், சுக்கான் எண்டா என்ன?”

“படகைத் திருப்பிற பலகை, பிள்ளை. பின்னுக்கு இருக்கும்.”

“ஓ, அப்ப சுக்கான் வீடு எண்டா அந்த கப்டன் நிக்கிற கபின் மாதிரியா? வீல்ஹவுஸ்?”

“ஓம்” என்றேன்.

“நைஸ், அங்கிள். ரியலி நைஸ்.”

அப்படியே ஆங்கிலத்தில் போட்டுவிட்டாள். தயவுசெய்து அவளை விசாரிக்க வேண்டாம். அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். நான்தான் ஒரு ‘ஓம்’ சொன்னேன்.

வியாழன் மாலை ஒளிபரப்பானது. அடுத்த நாள் பின்னேரம் அந்த ஊர்க் கடைச் சந்தியில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, சுக்கான் வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர் மரியாதையாக வெளியே வந்து கை காட்டியிருக்கிறார். ஞாயிறு காலை முதல் பூசைக்கு ஸ்கூட்டியில் போன மாக்கிறேட்டை மண் டிப்பர் ஒன்று அடித்தது. இலக்கத் தகடு இல்லாத டிப்பர். அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. அவருக்கு நாற்பத்தொன்பது வயது. வீட்டில் தாய் மட்டும்.

யோசேப் இங்கிருந்து போக முடியாது, போனால் திரும்பி வர முடியாது. செத்தவீட்டைத் தொலைபேசியில்தான் பார்த்தார். அன்று பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணை, நீங்கள் வேணுமெண்டு சொல்லியிருக்க மாட்டியள். எனக்குத் தெரியும். வாய் தவறி வந்திருக்கும். நீங்கள் மனசைப் போட்டுக் குழப்பாதேங்கோ.”

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போனேன். கோயில் மண்டபத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள், பேசினேன். பலர் அழுதார்கள்.

ஏன் செய்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. வாய் தவறியதென்று நம்பினால் ஏன் என்ற கேள்விக்கு இடமில்லைத்தானே. முகமில்லாதவனின் குற்றச்சாட்டுக்குப் பெறுமதி இல்லை, உண்மைக்கு ஒரு விலாசம் வேண்டும் என்று நான் பல தடவை நிகழ்ச்சியில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கொள்கைக்காகத்தான் செய்தேன் என்று இந்த மூன்று மாதமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் எழுதத் தொடங்கினால் ஒழுங்காக எழுத வேண்டும்.

அன்று ஸ்ரூடியோவில், முடிவுரைக்கு முன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பெரிய தொலைக்காட்சிகளை விட்டு எங்களிடம் ஏன் வந்தீர்கள் என்று யோசேப்பைக் கேட்டேன். ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்துத்தான் கேட்டேன், மறைக்கவில்லை.

“பெரிய சனல் எண்டா அங்கயும் பாப்பினம், அண்ணை. அக்காவுக்குப் பயம். உங்கட நிகழ்ச்சியை அங்க ஒரு குருவியும் பாக்கிறேல்ல. இஞ்சத்தை எம்பிமாருக்குக் குடுக்க ஒரு வீடியோ வேணும், அவ்வளவுதான். அதாலதான் அக்காவும் ஓம் எண்டவ.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நிம்மதியோடு சொன்னார். வினுஷா சிரித்துவிட்டாள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். எனக்கு அவமானமாக இருந்தது. பதினொரு வருடம் ஒரு சனிக்கிழமை விடாமல் கத்தியிருக்கிறேன். யோசேப் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, “போட்டு வாறன் அண்ணை” என்று சொல்லி வெளியே போனார். நான் பேனையை எடுத்துக் கடைசி வரியை மாற்றினேன். மாக்கிறேட்டைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. யாராவது கேட்கிறார்களா என்று பார்க்க நினைத்தேன்.

நேயர்கள் போதாது என்று நிகழ்ச்சியை நிறுத்தும் யோசனை உங்களிடம் இருப்பதாக அறிகிறேன். முடிவெடுப்பதற்கு முன், அந்த வியாழக்கிழமை நிகழ்ச்சியைக் கடைசி வரி வரைக்கும் மன்னார்ப் பக்கம் குறைந்தது இரண்டு பேராவது கவனமாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதைத் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள்.