சந்திரகிரி ரோட்டுக் கிணறு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது உச்சி வேளையில் நடந்தது. மண்டையைப் பிளக்கும் வெயில்... சந்திரகிரிக்குப் போகும் பழைய ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை.

நம்ம சிட்டிபாபுவின் தாய்மாமன் கோவர்த்தனன், நகரிக்காரர், ஜேசிபி ஓட்டுகிறவர். அங்கே ஒரு பாழுங்கிணற்றை மண் போட்டு மூடிக்கொண்டிருந்தார். லாட்ஜ் கட்ட அந்த இடத்தை வாங்கிய முரளிதரன் கிணற்று விளிம்பில் நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தான்.

சாமி ஊர்தான். ஆனாலும் திருப்பதியைச் சுற்றி எத்தனை ராஜா, எத்தனை சண்டை... அப்படி ஒரு காலத்தில், மலைக்கோயில் நகைகளைத் தேடி ஒரு குதிரைப்படை வந்ததாம். ஊர் ஆண்கள் ஓடிவிட்டார்கள். நகை போன வழியைச் சொல்ல மறுத்த பெண்களை அந்தக் கிணற்றில் உயிரோடு தள்ளினார்களாம். இன்றைக்கும் அந்தப் பக்கம் யாரும் மாடுகூட ஓட்டுவதில்லை.

காலையிலிருந்து லோடு லோடாகக் கொட்டியும் கிணறு பாதிதான் தூர்ந்திருந்தது. சாப்பிடலாம் என்று கோவர்த்தனன் இன்ஜினை அணைத்தார். ஒரே நிசப்தம்... கிணற்றுக்குள்ளிருந்து ஈர மண் வாசனை வந்தது. கூடவே மஞ்சள் வாசனை. பிறகு ஒரு பெண் குரல். பயந்து, தணிந்த குரல்.

"குதிரைக்காரன்... போயிட்டானா?"

கோவர்த்தனன் சீட்டிலிருந்து எழுந்துவிட்டார். "சார், உள்ள யாரோ கீறாங்க. இனிமே மண்ணு போட வேணாம் சார்."

முரளிதரனுக்கும் கேட்டுத்தான் இருந்தது. "இதெல்லாம் பார்த்தா லாட்ஜ் கட்டின மாதிரிதான்," என்று சிரித்தான். குனிந்து உள்ளே கத்தினான். "போவலை. நான்தான் குதிரைக்காரன். இன்னாடி பண்ணுவே?"

கீழே வளையல்கள் குலுங்கின. ஒரு கை அல்ல... நிறையக் கைகள். சரசரவென்று மேலே ஏறி வந்தன. சிரித்த வாய் மூடுவதற்குள் அவன் தலைகுப்புற உள்ளே போய்விட்டான். கத்தக்கூட இல்லை.

கோவர்த்தனன் ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். மண் அப்படியே கிடந்தது. ஆள் விழுந்த தடமே இல்லை. அடியில் எங்கோ வளையல் சத்தம் மட்டும்... கீழே, இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது.

போலீஸ் வந்தது. அந்த மண்ணைத் தொட மாட்டேன் என்றுவிட்டார் கோவர்த்தனன். வேறு ஆளை வைத்து மறுநாள் வரை தோண்டினார்கள். கடைசி மண்ணையும் அள்ளிய பிறகுதான் முரளிதரன் கிடைத்தான். முதல் லோடுக்கும் அடியில்... வெறும் பாறை மேல்.

கைகள் இரண்டும் பின்னால் கட்டப்பட்டிருந்தன. கயிறு இல்லை. முடி. நீள நீளமான பெண் முடி... ஒருத்தியுடையது அல்ல. அன்று காலையில்தான் எண்ணெய் வைத்து வாரியது போல மினுமினுத்தது.